பின்னறை மாப்பிள்ளை

பெரியவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் மாப்பிள்ளை அட்டையில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். அது அவருடைய மாமனாரின் பெயர்.

அட்டையிலிருந்து கண்ணை எடுத்துக் கூண்டைப் பார்த்தார். அகலமான நெற்றி, ஒரு பக்கம் சரிந்த மீசை, யாரையும் நம்பாத புருவம். வீட்டில் அலமாரிமேல் மனைவி வைத்திருக்கும் படத்தில் உள்ள அதே முகம். படத்தில் தலைமுடி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவரை மாப்பிள்ளை என்று நாம்தான் கூப்பிடுகிறோம். நம்ம ஊரிலிருந்து பிழைக்கப் போய், போன தேசத்துப் பெண்ணையே கல்யாணம் செய்து நாலு வருஷம் ஆகியும், பெண் வீட்டில் அவரை அப்படிக் கூப்பிட ஆளில்லை. மாமியார் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனாரோ, “அந்த ஆள் இருக்கிற வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்” என்று சொன்னதோடு சரி. கல்யாணப் படத்தையும், கணவர் என்ன படித்திருக்கிறார், எந்தக் கடையில் வேலை செய்கிறார் என்று எழுதிய நாலு பக்கக் கடிதத்தையும் சேர்த்து மகள் தபாலில் அனுப்பினாள். உறை அப்படியே திரும்பி வந்தது. ஒட்டியிருந்த பசை மட்டும் புதுசாக இருந்தது. தபால் ஆபீஸ்காரர்களுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று கணவனும் மனைவியும் மெச்சிக்கொண்டார்கள்.

அவர்கள் எல்லோரும் பேசியது அந்த ஊர்ப் பாஷை. நமக்காகத் தமிழில் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கடை, காது மெஷின் விற்கிற கடை. முன்னறையில் ஜன்னல், மெத்தை நாற்காலி, பூச்சாடி, சீனியர். பின்னறையில் அட்டைப் பெட்டிகள், துடைப்பக்கட்டை, பழைய சோதனைக் கூண்டு, மாப்பிள்ளை. அந்தக் கடையிலேயே முறையாகப் படித்து முதல் வகுப்பில் தேறியவர் மாப்பிள்ளை ஒருவர்தான். அவருடைய சான்றிதழைச் சட்டம் போட்டு முன்னறைச் சுவரில், சீனியர் தலைக்கு நேர்மேலே மாட்டியிருந்தார்கள். சான்றிதழ் முன்னறையில், ஆள் பின்னறையில்.

“எனக்கு ஒண்ணுமில்லப்பா” என்று சேர்ந்த மாதமே முதலாளியம்மா சொல்லியிருந்தார். “வர்றவங்க எல்லாம் வயசானவங்க. புது முகத்தைப் பார்த்தா மிரள்றாங்க.”

ஏழு வருஷம் ஆகியும் புது முகம் பழசாகவில்லை. போன மாதம்கூட ஓர் அம்மாள் அவரைப் பார்த்ததும் மடியிலிருந்த கைப்பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “உள்ளூர் ஆள் யாரும் இல்லையா?” என்று கேட்டார். இன்னொரு புகார் வந்தால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று முதலாளியம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார். யோசித்தால் என்ன முடிவு வரும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும்.

கடையின் இன்னோர் அதிசயம் வரவேற்பு மேஜை அம்மா. காது கேட்காதவர்கள் வருகிற கடையில் அவருக்கு வாய்த்த குரல், எறும்பு ஊர்கிற சத்தம். நேரில் பேசினால் பாதி கேட்கும். போனில் பேசினால் அதுவும் இல்லை. வாடிக்கையாளரின் மகனோ மருமகளோதான் போன் செய்து நேரம் கேட்பார்கள். அவர்களே “என்ன, என்ன” என்று நாலு தடவை கேட்டுவிட்டு, பிறகு சலித்துப்போய் நேரில் வந்துவிடுவார்கள். அம்மா முதலாளியம்மாவுக்கு நாத்தனார். அதனால் யாரும் மூச்சு விடுவதில்லை. “இவங்க பேசுறது கேக்கலைன்னு பயந்துபோய் மெஷின் வாங்கினவங்கதான் நமக்குப் பாதிப் பேர்” என்பார் சீனியர்.

அந்தப் பெரியவரும் முதலில் முன்னறையில்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தச் சான்றிதழ் உன்னுதா?” என்று கத்தினார். காது கேட்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

பொய் சொல்லச் சீனியருக்கு நேரம் போதவில்லை. “இல்லைங்க. உள்ளே இருக்கிறவரோடது.”

“அப்ப அவன்கிட்ட கூட்டிட்டுப் போ. காதைக் குடுக்குறதுன்னா படிச்சவன்கிட்டதான் குடுப்பேன்.”

இப்படித்தான் மாமனார் மாப்பிள்ளையின் கூண்டுக்குள் வந்து சேர்ந்தார்.

மாப்பிள்ளை சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனார். கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். பெரியவர் நிதானமாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் லாரி ஓடுகிற அளவுக்குச் சத்தம் போன பிறகுதான் விரல் அசைந்தது. வரைபடம் ரூல்தடி வைத்துப் போட்ட கோடு மாதிரி வந்தது. ஏழு வருஷத்தில் இப்படி ஒழுங்காகக் கெட்டுப்போன காதை மாப்பிள்ளை பார்த்ததில்லை. கருவியில்தான் கோளாறு என்று பெரியவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, கூண்டுக்குள் தாமே போய் உட்கார்ந்து சோதித்தார். கருவி சரியாகத்தான் இருந்தது. 

“நீ எந்த ஊரு?” என்றார் பெரியவர்.

மாப்பிள்ளை ஊரைச் சொன்னார், உரக்க.

“ஓகோ. என் பொண்ணும் உங்க ஊர்க்காரன் ஒருத்தனைத்தான் கட்டிக்கிட்டா. இதே ஊர்லதான் இருக்கானாம். உனக்குத் தெரியுமா?”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. பெரியவர் எழுந்து போவார். முதலாளியம்மா யோசிப்பார். வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி, அப்பாவைப் பற்றி ஏதாவது சேதி வராதா என்று தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பவள், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் நிற்பாள்.

“தெரியாதுங்க” என்றார்.

“உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

சின்னத் திருகாணிகளில் மாட்டுகிறதென்று வேலை நேரத்தில் மோதிரத்தைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவது மாப்பிள்ளையின் வழக்கம். வெறும் விரலைப் பார்த்தார்.

“இல்லீங்க.”

“ஏன் நின்னுக்கிட்டே இருக்கே? உன் நாற்காலி உடைஞ்சிருக்கா?”

நாற்காலி நன்றாகத்தான் இருந்தது. மாமனார் எதிரில் உட்கார மாப்பிள்ளைக்கு உடம்பு வளையவில்லை. எந்தத் தேசத்துக்குப் போனாலும் சில விஷயங்கள் முட்டியிலேயே தங்கிவிடுகின்றன. போதாததற்குப் பெரியவர் எழுந்திருக்கும்போது லேசாகத் தடுமாற, “மாமா, பார்த்து” என்று தமிழே வாயில் வந்துவிட்டது.

“அது என்ன மாமா?”

“எங்க ஊர்ல... வாடிக்கையாளரை அப்படித்தான் கூப்பிடுவோம்.”

அன்றைய கணக்குக்கு இது மூன்றாவது பொய்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி வீங்கிய காலோடு எழுந்து நின்றாள். அவளுக்குச் சீருடை தைக்கும் கடையில் வேலை. ஒரு மாதமாக வீட்டிலேயே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தமிழில் அவள் முதலில் கற்றுக்கொண்ட சொல் ‘என்னங்க’. அதைக் கணவரின் செல்லப் பெயர் என்று நினைத்து, கடைத்தெருவில் நாலு பேர் நடுவிலும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“என்னங்க, அப்பாவுக்குக் காது போயிடுச்சா?” என்று அழுதாள். “கடைசியா சண்டை போட்டப்ப நான் ரொம்பக் கத்திட்டேன். ‘கத்தாதே, எனக்குக் காது நல்லாக் கேக்குது’ன்னாரு. நான் கத்தினதுலதான் போயிருக்குமோ?”

“ஒரு சண்டைல எல்லாம் காது போகாதும்மா. அப்படிப் போகும்னா நம்ம பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்பவோ போயிருக்கும்.”

“அவர் குரலையாவது கேக்கணும் எனக்கு.”

கேட்கிற வழி மாப்பிள்ளையின் தொழிலிலேயே இருந்தது. அந்தக் கடையில் ஒரு பழக்கம். சுத்தம் செய்வதற்காக வாடிக்கையாளர் காதிலிருந்து மெஷினைக் கழற்றிவிட்டால், அப்புறம் அந்த ஆள் அறையில் இல்லாத மாதிரிதான். சீனியர் தன் வீட்டுச் சண்டைகளையெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் போனில் முடிப்பார். ஒரே ஓர் எச்சரிக்கை: முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். காது கேட்காதவர்கள் உதட்டைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிடுவார்கள்.

பெரியவர் செவ்வாய்க்கிழமைதோறும் பதினொரு மணிக்கு வரத் தொடங்கினார். மெஷின் பொருத்திய பிறகும் வந்தார். “தெளிவாக் கேக்கலை” என்பார். மாப்பிள்ளை சத்தத்தைக் கூட்டுவார். கூட்டியதும் பெரியவர் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ளும். ரொம்ப நாளைக்குப் பிறகு உலகத்தைக் கேட்கிறார், பாவம் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொள்வார். ஒரு வாரம் திறந்து பார்த்தால் பேட்டரியின்மேல் ஒட்டியிருக்கும் சின்னத் தாளையே பிய்க்கவில்லை. அதைப் பிய்த்தால்தான் பேட்டரி வேலை செய்யும்.

“இதைப் பிய்க்கணும்னு சொன்னேனே மாமா.”

“மறந்துபோச்சு.”

மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துத் தூரிகையால் துடைக்கும்போது சரியாக மனைவியின் போன் வரும். மாப்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசுவார். மேஜைமேல் இருக்கிற போனை ஸ்பீக்கரில் போட்டிருப்பார். கையில் மெஷின் இருப்பதால் அப்படி வைத்திருந்தார்.

“சாப்பிட்டியா? கால் வீக்கம் குறைஞ்சுதா?”

“அதை விடுங்க. அப்பா எப்படி இருக்காரு?”

“கல்லு மாதிரி இருக்காரு. சட்டைக் காலர்தான் நைஞ்சுபோயிருக்கு. ஒரு பொத்தான் வேற நூல்ல தொங்குது. இவ்வளவு பிடிவாதம் பிடிச்ச மனுஷனுக்குப் பொத்தான் தைக்க ஒரு ஆள் இல்லை.”

“என்ன பேசினாரு?”

“எங்க தெருவுல ஒரு பொண்ணு இருக்கா, கொஞ்சம் கோபக்காரி, பார்க்குறியான்னு கேட்டாரு.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். கல்யாணம் ஆகலைன்னு சொல்லியிருக்கேன்ல.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“யோசிச்சுச் சொல்றேன்னேன்.”

“யோசிக்கிறீங்களா?”

பின்னால் பெரியவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நெடுநேரம் இருமினார். மாப்பிள்ளை போனைத் துண்டிக்காமலே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மெஷினை மாட்டி, வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் கேட்டார். பெரியவர் கால் மணி நேரம் பேசினார். மேஜைமேல் போன் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் ஒருத்தி தையல் மெஷினை நிறுத்திவிட்டு, பஸ் சரியாக வருவதில்லை என்று தன் அப்பா சொல்வதைக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

அந்த வாரமே மனைவி ஒரு சட்டை தைத்தாள். அப்பாவின் அளவு அவளுக்கு மனப்பாடம். அதை எப்படிக் கொடுப்பது? “கடைல ஒரு திட்டம் மாமா. அஞ்சு தடவை வந்தவங்களுக்கு ஒரு சட்டை இலவசம்” என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். பெரியவர் சட்டையை விரித்துப் பார்த்தார். காலரைத் தடவினார். அங்கேயே பழையதைக் கழற்றிப் புதுசைப் போட்டுக்கொண்டு போனார்.

போட்டுக்கொண்டு போனதுதான் வினை. காத்திருக்கும் இடத்தில் இருந்த நாலு பெரியவர்கள் பார்த்துவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் முதலாளியம்மா பின்னறைக்கு வந்தார். அவர் பின்னறைக்கு வருவது வருஷத்தில் இரண்டு தடவை.

“அஞ்சு தடவை வந்தா சட்டையாமே? நாலு பேர் மேஜையைச் சுத்தி நிக்கிறாங்க. ஒருத்தர் நீலக் கலர் வேணுங்கிறார். இன்னொருத்தர், என்னை ஏன் மாமான்னு கூப்பிடலைன்னு சீனியர்கிட்ட சண்டை போடுறார். என்னப்பா இதெல்லாம்?”

“ஒரு... ஒரு மரியாதைக்குத்தாங்க.”

“மரியாதை எல்லாம் இருக்கட்டும். சட்டை நீதான் குடுக்கணும்.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எட்டு மாத வயிற்றோடு மனைவி முன்பின் தெரியாத நாலு கிழவர்களுக்குச் சட்டை தைக்க உட்கார்ந்தாள். சீனியர் எல்லோரையும் “மாமா, மாமா” என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை போனில் மாப்பிள்ளையின் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் உயர்ந்தது.

“போதும். நீ எழுந்து போய்க் காலைத் தூக்கி வச்சுட்டுப் படு. சட்டை தைக்கிறேன்னு உடம்பைக் கெடுத்துக்காதே. நான் எங்கேயாவது வாங்கிக் குடுத்துக்கிறேன்.”

“நம்மாலதானே இவ்வளவும். அப்பா உங்களை அந்நிய ஊர்க்காரன்னு மட்டமாப் பேசுறாரே, உங்களுக்குக் கோபமே வரலையா?”

மாப்பிள்ளை தூரிகையைக் கீழே வைத்தார்.

“வருது. ராத்திரி பல்லைக் கடிச்சுக்கிறேன். ஆனா அவரைப் பார்க்கும்போது உன் நெத்திதான் தெரியுது. ஒத்தை ஆளா உன்னை வளர்த்திருக்காரு. ஏதோ அந்நிய ஊர்க்காரன் கூட்டிட்டுப் போயிட்டான்னா எனக்கும்தான் எரியும். நாளைக்கு நமக்கும் பொண்ணு பொறந்து, அவ எவனையாவது கூட்டிட்டு வந்தா, நான் இவரைவிட மோசமா இருப்பேன். விடு. காதும் கேக்காத மனுஷன்கிட்ட என்ன ரோஷம்.”

பெரியவர் கைக்குட்டையை எடுத்துப் பலமாக மூக்கைச் சிந்தினார். அன்றைக்கு “தெளிவாக் கேக்கலை” என்று சொல்லவில்லை. வெளியே போகும்போது காத்திருந்த கிழவர்கள் முன்னால் நின்று, “சட்டையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. காதைப் பார்க்க வந்தீங்களா, துணி எடுக்க வந்தீங்களா?” என்று ஒரு சத்தம் போட்டார். அதோடு சட்டைத் திட்டம் முடிந்தது. இவருக்கு ஏன் இந்த அக்கறை என்று மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. தனக்குக் கிடைத்தது மற்றவர்களுக்குக் கிடைக்கக் கூடாது என்கிற கிழட்டுப் பொறாமை என்று முடிவு கட்டினார்.

அதற்கடுத்த வாரம் குண்டு விழுந்தது.

“ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வீட்டுக்குப் போலாம்னு இருக்கேன்” என்றார் பெரியவர்.

மாப்பிள்ளை கையிலிருந்த திருகாணி எங்கேயோ உருண்டது. “ரொம்ப நல்லதுங்க.”

“அந்த ஆளைத் தனியாப் பார்க்க எனக்குச் சங்கடமா இருக்கு. உங்க ஊர்ப் பழக்கம் எதுவும் எனக்குத் தெரியாது. நீயும் கூட வா.”

“நானா? ஞாயித்துக்கிழமை எனக்கு வேற ஒரு வேலை...”

“அப்ப நானும் போகலை.”

வீட்டில் மனைவி ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாள். “கூட்டிட்டு வாங்க.”

“வந்து, உன் புருஷன் எங்கேன்னு கேப்பாரே. இத்தனை நாள் கல்யாணமே ஆகலைன்னு பொய் சொன்னவன்னு தெரிஞ்சா, அந்நிய ஊர்க்காரன் எல்லாம் ஏமாத்துக்காரன்னு அவர் நினைக்கிறது சரியாப் போயிடும். வாசலோட திரும்பிடுவாரு.”

“அப்ப வாசலுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.”

வழியில் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெரியவர் அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் மடித்த கோட்டோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார். மாப்பிள்ளை, மனசுக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். பஸ் ஏறி உட்கார்ந்ததும் பெரியவர் இரண்டு காதிலிருந்தும் மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“பஸ் சத்தம் தாங்கலை” என்றார்.

“ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“நான் கல்யாணம் ஆனவன்.”

“ஆமா, ஞாயித்துக்கிழமைன்னா இந்த பஸ்ல கூட்டம்தான்.”

மாப்பிள்ளை குரலைக் கூட்டினார். “உங்க பொண்ணைத்தான் கட்டியிருக்கேன்.”

முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார். பெரியவர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு, “இன்னும் எத்தனை ஸ்டாப்?” என்றார்.

“நான்தான் உங்க மாப்பிள்ளை.”

பஸ் முழுக்கக் கேட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பெரியவர் மட்டும் தலையை ஆட்டி, “மழை வராது” என்றார்.

“எழுதிக் காட்டுங்களேன்” என்றார் முன் சீட்டு அம்மாள்.

“பொய் சொல்லியே கட்டிக்கிட்டீங்களா?” என்று கேட்டார் பக்கத்தில் நின்றவர்.

“இல்லைங்க. கட்டிக்கிட்ட அப்புறம்தான் பொய் சொன்னேன்.”

“அது எல்லாரும் செய்றதுதானே” என்று சொல்லி அவர் பேனாவைக் கொடுத்தார். காகிதம் தேடுவதற்குள் இறங்குகிற இடம் வந்துவிட்டது. இறங்கும்போது பாதி பஸ் அவருக்கு நல்லபடியாக நடக்கட்டும் என்று சொல்லி அனுப்பியது.

மூன்றாவது மாடி. பெரியவர் ஒவ்வொரு படியாக ஏறினார். கதவுக்கு முன்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து மெஷின்களை எடுத்துக் காதில் மாட்டி, தலையை வாரிக்கொண்டார். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று மாப்பிள்ளை வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது.

அப்பாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெண்ணின் வயிற்றைப் பார்த்த பெரியவர், மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாசப்படியை மிதித்தாரா தாண்டினாரா என்று தெரியவில்லை; உள்ளே இருந்தார். அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அது அவள் தைத்த தோள்தான். மாப்பிள்ளை வெளியே நின்று செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்னங்க, அப்பா கையில இருக்கிற கோட்டை வாங்கி மாட்டுங்க” என்றாள் மனைவி, பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. பெரியவர் மெதுவாகத் திரும்பினார்.

“உன் வீட்டுக்காரர் எங்கே?”

மனைவி மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை கோட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“நான்தாங்க. நாலு வருஷமா நான்தான். கடைல சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க எழுந்து போயிடுவீங்கன்னு பயம். அப்புறம் இவளுக்கு உங்க குரல்கூடக் கேக்காமப் போயிடும்னு பயம். சட்டைத் திட்டமும் பொய்தான். தைச்சது இவ. மாமான்னா வாடிக்கையாளர் இல்லை, மனைவியோட அப்பா. பொய் சொன்னது தப்பு. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன். திரும்பிப் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

பெரியவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தையல் மெஷின், மூலையில் புதுத் தொட்டில், அலமாரிமேல் அவருடைய படம். மூன்று நாற்காலிகள் இருந்தன. ஒன்றை இழுத்து மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார்.

“உட்காருங்க மாப்பிள்ளை” என்றார். “உங்க வீட்டுல நீங்க நின்னுக்கிட்டிருந்தா நான் எப்படி உட்கார்றது?”

அந்தப் பாஷையில் மாப்பிள்ளை என்ற சொல்லுக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது. அவர் சொன்ன விதத்தில் இருந்தது. மாப்பிள்ளையின் முட்டி முதல் தடவையாக மாமனார் எதிரில் மடங்கியது. அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினார்கள். போகும்போது மாமனார் மெஷின்களைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்தார். “சுத்தம் பண்ணி வைங்க. அவசரமில்லை” என்றார்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை கடைக்குள் நுழையும்போது முன்னறையில் சீனியர் முணுமுணுத்துக்கொண்டே பூச்சாடியை நகர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. காலையிலேயே மாமனார் முதலாளியம்மாவைப் பார்க்க நேரில் வந்திருக்கிறார். “சுவர்ல மாட்டியிருக்கிற ஆளை எங்க கண்ணுல படுற மாதிரி உட்கார வைங்க. இல்லைன்னா நாங்க அஞ்சு கிழவனும் வேற கடைக்குப் போறோம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முதலாளியம்மா யோசித்திருக்கிறார்.

மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். வரவேற்பு மேஜை அம்மாதான் கிடைத்தார். பஸ், வாசப்படி, நாற்காலி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மோதிரத்தைக் கழற்றி இழுப்பறையில் போடலாமா என்று யோசித்து, விரலிலேயே விட்டுவிட்டார்.

“ஒரு விதத்துல எல்லாம் நல்லதுக்குத்தாங்க. மாமாவுக்கு மட்டும் காது கேட்டிருந்தா, போன்ல இவகிட்ட நான் பேசினதெல்லாம் கேட்டிருப்பாரு. பிடிவாதக்காரர், கல்லுன்னு என்னென்னவோ பேசியிருக்கேன். நல்லவேளை.”

அம்மா நேரப் புத்தகத்தை மூடிவிட்டு ஏதோ சொன்னார்.

“என்னங்க?”

மறுபடி சொன்னார். உதடு அசைந்தது.

மாப்பிள்ளை மேஜைமேல் நன்றாகச் சாய்ந்து, காதருகே கையைக் குவித்துக்கொண்டார். மூன்றாவது தடவைதான் கேட்டது.

“அவருக்கா காது கேக்காது? முதல் தடவை நேரம் வாங்குறதுக்கு அவரேதான் போன் பண்ணினாரு. இத்தனை வருஷத்துல நான் போன்ல சொன்னதை ஒரே தடவையில புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆளு அவருதாங்க.”